விண்ணப்பம் போட்டாச்சு, பதில் இல்லை: மேற்படிப்பு சேர்க்கை முடிவுக்குக் காத்திருக்கும் மாதங்கள் ஏன் இவ்வளவு வாட்டுகின்றன?

எஸ்ஓபி (ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கும் ஸ்டேட்மெண்ட் ஆஃப் பர்ப்பஸ் கட்டுரை) எழுதி, அதைப் பத்து முறை திருத்தி, பேராசிரியர்களிடம் ரெக்கமெண்டேஷன் லெட்டருக்காக நடையாய் நடந்து, கட்டணமும் கட்டி, டிசம்பரில் 'சமர்ப்பி' பொத்தானை அழுத்தியாகிவிட்டது. அத்தனை வேலையும் தலைக்கு மேல் இருந்தபோது கூட இரவில் தூக்கம் வந்தது. எல்லாம் முடிந்து, செய்ய ஒன்றுமே இல்லாத ஜனவரியில் தூக்கம் போய்விடுகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு எம்எஸ், பிஎச்டி விண்ணப்பித்த பலருக்கும் இது நடக்கிறது, பலர் இதைத் தங்கள் மனபலம் குறைவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இதில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியவில்லை. தெரியாததை நம் மூளை எப்படிக் கையாளும் என்பதும் தெரியவில்லை. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் பாதி பாரம் குறையும்.

அந்தப் பக்கம் என்ன நடக்கிறது

துறைக்குத் துறை மாறும், ஆனால் பிஎச்டி சேர்க்கை பெரும்பாலும் இந்த வரிசையில்தான் நகர்கிறது.

1. ஃபைல் முழுமையாக வேண்டும். டிசம்பர் 1, டிசம்பர் 15 போன்றவை பிஎச்டிக்கு வழக்கமான கடைசித் தேதிகள். உங்கள் பகுதி அன்றைக்கே முடிந்திருக்கலாம், ஆனால் மதிப்பெண் பட்டியலும் கடைசி ரெக்கமெண்டேஷன் லெட்டரும் வந்து சேராதவரை அது 'முழுமையற்ற' விண்ணப்பம்தான். அப்புறம் ஆண்டிறுதி விடுமுறை. அந்த நாட்களில் பெரும்பாலும் யாரும் எதையும் படிப்பதில்லை.

2. ஜனவரியில் வாசிப்பு தொடங்கும். சேர்க்கைக் குழு என்றால் முழுநேரமும் விண்ணப்பம் படிக்கும் அலுவலகம் என்று தோன்றும், அது அப்படி இல்லை. துறையின் பேராசிரியர்கள் சிலர், வகுப்பும் எடுத்துக்கொண்டு, தங்கள் ஆய்வையும் பார்த்துக்கொண்டு, இடையிடையே ஃபைல்களைப் படிக்கிறார்கள். ஒரே ஃபைலை இரண்டு மூன்று பேர் படித்து மதிப்பிட வேண்டும். ஒருவர் தாமதித்தால் மொத்தமும் தாமதம்.

3. சில துறைகளில் நேர்காணல் உண்டு. உயிரியல் துறைகளிலும் மருத்துவ உளவியலிலும் ஜனவரி, பிப்ரவரியில் நேர்காணல் நடப்பது வழக்கம், அங்கே அழைப்பு வராதது ஓரளவுக்கு ஒரு தகவல்தான். வேறு பல துறைகளில் நேர்காணலே இல்லாமல் முடிவு வரும். ஆகவே வேறு துறை நண்பனுக்கு அழைப்பு வந்ததை வைத்து உங்கள் நிலையைக் கணிக்க முடியாது.

4. பணக் கணக்கு. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத கட்டம் இது. பிஎச்டி மாணவரை எடுப்பது என்றால் பெரும்பாலும் அவருக்கான ஃபண்டிங்கையும் சேர்த்து எடுப்பது. அடுத்த ஆண்டு எத்தனை டீச்சிங் அசிஸ்டண்ட் (சம்பளத்துக்கு வகுப்பில் உதவும் மாணவர்) இடங்கள், எந்தப் பேராசிரியரின் ஆய்வு நிதி புதுப்பிக்கப்பட்டது, யார் ஓராண்டு விடுப்பில் போகிறார், இப்போதுள்ள மாணவர்களில் எத்தனை பேர் முடித்து வெளியேறுகிறார்கள், இதெல்லாம் தெரிந்தால்தான் எத்தனை பேரை எடுக்கலாம் என்று சொல்ல முடியும். உங்கள் ஃபைல் 'எடுக்கலாம்' என்ற குவியலில் இருந்தும் இந்தக் கணக்கு முடியாமல் பதில் நிற்கலாம்.

5. முதல் சுற்று ஆஃபர்கள். துறை பரிந்துரைக்கும், அதைப் பல்கலைக்கழகத்தின் மேற்படிப்பு அலுவலகம் சரிபார்த்து அதிகாரபூர்வக் கடிதம் அனுப்பும். இதனால்தான் சிலருக்குப் பேராசிரியரிடமிருந்து வாழ்த்து வந்த பிறகும் போர்ட்டலில் (விண்ணப்ப நிலையைக் காட்டும் இணையப் பக்கத்தில்) பல நாள் 'பரிசீலனையில்' என்றே காட்டுகிறது.

6. அதற்குப் பிறகு வெயிட்லிஸ்ட், அதாவது காத்திருப்போர் பட்டியல். முதல் சுற்றில் ஆஃபர் வாங்கியவர்கள் எல்லோரும் வந்து சேரப்போவதில்லை, ஒரே ஆள் நாலு இடத்தில் ஆஃபர் வைத்திருப்பார். அவர் மூன்றை மறுக்கும்போதுதான் மூன்று இடங்கள் திறக்கும்.

இந்தக் கடைசிக் கட்டத்துக்கு ஒரு தேதி இருக்கிறது: ஏப்ரல் 15. அமெரிக்காவின் கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் என்ற கூட்டமைப்பின் தீர்மானம் ஒன்று உண்டு. அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், நிதியுதவியோடு கொடுக்கும் ஆஃபருக்கு ஏப்ரல் 15க்கு முன்னால் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. நிதியுதவி இல்லாத ஆஃபருக்கும் கையெழுத்திடாத கல்வி நிறுவனங்களுக்கும் இது பொருந்தாது, அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஆனாலும் இந்தத் தேதியால்தான் ஏப்ரல் முதல் இரண்டு வாரங்களில் திடீரென்று எல்லாம் அசைகிறது.

எம்எஸ் கதை வேறு. அங்கே இடங்கள் அதிகம், சொந்தப் பணத்தில் படிப்பவர்களும் அதிகம், பல படிப்புகள் வர வர முடிவெடுக்கும் ரோலிங் முறையில் இயங்குகின்றன, கடைசித் தேதியே பிந்தி இருக்கும். ஒரே துறையில் பிஎச்டிக்கு விண்ணப்பித்தவருக்குப் பிப்ரவரியில் பதில் வந்து, எம்எஸ் விண்ணப்பதாரருக்கு ஏப்ரல் வரை வராமல் இருப்பது சாதாரணம்.

அப்படியானால் மௌனத்துக்கு என்ன அர்த்தம்?

பிப்ரவரி முடியும்வரை பெரும்பாலும் ஒன்றுமே இல்லை. கடிதம் வரவில்லை என்றால் ஃபைல் இன்னும் படிக்கப்படாமல் இருக்கலாம், பணக் கணக்கில் நிற்கலாம், மேற்படிப்பு அலுவலகத்தின் கையெழுத்துக்காகக் கிடக்கலாம், பெயரிடப்படாத வெயிட்லிஸ்டில் இருக்கலாம். ஒரே மௌனத்துக்குள் இத்தனை நிலைமைகள் ஒளிந்திருக்கும்போது அதிலிருந்து எதையும் படித்தெடுக்க முடியாது.

அதே சமயம் பொய்யான ஆறுதலும் வேண்டாம். அந்தத் துறையின் முதல் சுற்று ஆஃபர்கள் போய்ச் சில வாரங்கள் ஆகிவிட்டன என்று உறுதியாகத் தெரிந்து, மார்ச் பாதி தாண்டியும் உங்களுக்கு ஒன்றும் வரவில்லை என்றால், முதல் சுற்றில் நீங்கள் இல்லை என்று எடுத்துக்கொள்வது நியாயம். மிச்சம் இருப்பது வெயிட்லிஸ்ட், இல்லையென்றால் இன்னும் அனுப்பப்படாத மறுப்பு. பல இடங்களில் மறுப்புக் கடிதங்களைக் கடைசியாகத்தான் அனுப்புகிறார்கள்.

இன்னொன்று. முடிவு வந்தவர்கள்தான் முடிவைப் பற்றிப் பேசுவார்கள். 'எனக்கும் இன்னும் வரவில்லை' என்று தினமும் யாரும் அறிவிப்பதில்லை. அதனால் திரையில் பார்க்கும்போது எல்லோருக்கும் வந்துவிட்டது, நான் ஒருத்தன்தான் பாக்கி என்று தோன்றும். அது பார்வையின் கோளாறு.

தெரியாமல் இருப்பது ஏன் கெட்ட செய்தியைவிட மோசமாக இருக்கிறது

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2016ல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். 45 பேர் ஒரு கணினி விளையாட்டு ஆடினார்கள். திரையில் பாறைகள் வரும், எந்தப் பாறைக்கு அடியில் பாம்பு இருக்கும் என்று ஊகிக்க வேண்டும், பாம்பு இருந்தால் கையில் வலிக்கிற மாதிரி மின்னதிர்ச்சி. வியர்வையையும் கண்மணி விரிவதையும் வைத்து அவர்களின் மன அழுத்தத்தை அளந்தார்கள். அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோது அழுத்தம் உச்சத்தில் இல்லை. வரலாம், வராமலும் போகலாம் என்று பாதிக்குப் பாதி இருந்தபோதுதான் உச்சம். நல்ல ப்ரொஃபைல் வைத்துக்கொண்டு, கிடைக்கவும் வாய்ப்பு, கிடைக்காமல் போகவும் வாய்ப்பு என்ற நடுவில் நிற்பவர்தான் அதிகம் தவிப்பார். கிடைக்கவே கிடைக்காது என்று நினைத்துப் போட்ட இடம் அவ்வளவு உறுத்தாது.

இதோடு, கையில் செய்ய ஒன்றும் இல்லாத நிலை. மன அழுத்தத்தைச் சமாளிப்பதை உளவியலில் இரண்டாகப் பிரிப்பார்கள். பிரச்சினையையே சரி செய்வது ஒன்று, பிரச்சினை கிளப்பும் உணர்ச்சியைக் கையாள்வது இன்னொன்று. விண்ணப்பம் தயாரித்த மாதங்களில் முதல் வழி திறந்திருந்தது, பதற்றம் வந்தால் இன்னொரு பத்தியைத் திருத்தலாம். சமர்ப்பித்த நிமிடமே அந்தக் கதவு மூடிவிட்டது. மனதுக்கு இது புரிவதில்லை. அது இன்னமும் எதையாவது செய்யச் சொல்லி விரட்டுகிறது, செய்வதற்குக் கிடைப்பது ஒன்றே ஒன்று: ரிஃப்ரெஷ்.

அந்த ரிஃப்ரெஷ்ஷைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். இரவு ஒன்றரை மணி. பாதி உலகத்துக்கு அமெரிக்க அலுவலக நேரம் இரவில்தான் வருகிறது, ஆகவே 'இப்போதுதான் அங்கே வேலை செய்கிறார்கள்' என்ற நியாயமும் கைவசம் இருக்கிறது. போர்ட்டலைத் திறக்கிறீர்கள், கடவுச்சொல், அப்புறம் போனுக்கு வரும் ஆறு இலக்க எண், அது வந்து சேரும் அந்த ஐந்து நொடியில் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, பக்கம் திறக்கிறது, நேற்று இருந்த அதே வரி. ஒரு நிமிடம் நிம்மதி, மறுப்பு இல்லையே என்று. அந்த நிம்மதிதான் சிக்கல். பதற்றம் வரும்போது திறந்து பார்த்தால் அடங்கும் என்று மூளை கற்றுக்கொள்கிறது, அடுத்த முறை இன்னும் சீக்கிரம் திறக்கச் சொல்கிறது. கூடவே, எந்த முறை பலன் கிடைக்கும் என்று தெரியாத செயலைத்தான் உயிர்கள் விடாமல் செய்யும் என்பது உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களுக்கு இரை கொடுத்துச் சோதித்த காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். ஒரு நாளைக்கு முப்பது முறை பார்ப்பதால் பதில் ஒரு மணி நேரம்கூட முந்தி வராது, முப்பது முறை நெஞ்சு அடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

காத்திருப்பைப் பற்றியே நடந்த ஆய்வுகள்

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் கேட் ஸ்வீனி என்ற உளவியலாளர் இதையே முக்கிய ஆய்வாக எடுத்துச் செய்துவருகிறார். 2016ல் வெளியான ஆய்வில் அவரது குழு, கலிஃபோர்னியாவில் வழக்கறிஞர் தகுதித் தேர்வு எழுதிவிட்டு நான்கு மாதம் முடிவுக்காகக் காத்திருந்த 230 சட்டப் பட்டதாரிகளைத் தொடர்ந்து கேள்வி கேட்டது. இந்தத் துறையில் தெரிந்த முக்கியமான விஷயங்கள் மூன்று.

1. கவலை ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. ஆரம்பத்தில் அதிகம், நடுவில் தணிகிறது, முடிவு நாள் நெருங்கும்போது மறுபடி ஏறுகிறது. ஜனவரியில் சமாளித்துவிட்டு மார்ச்சில் உடைந்துபோனால், அது நீங்கள் பின்னால் போய்விட்டதன் அடையாளம் இல்லை, வளைவே அப்படித்தான்.

2. 'நல்லதே நடக்கும்' என்று பிடித்துக்கொள்வது, கிடைக்காவிட்டாலும் நன்மைதான் என்று முன்கூட்டியே சமாதானம் தேடுவது போன்ற வழக்கமான உத்திகள் அந்தக் கவலையைப் பெரிதாகக் குறைக்கவில்லை.

3. எனக்கு மிகவும் பிடித்தது இது. அமைதியாகக் காத்திருந்தவர்களைவிட, கவலைப்பட்டு, மோசமானதை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்கள் முடிவு வந்தபோது அதை நன்றாக எதிர்கொண்டார்கள். தோல்வியைத் தாங்கி அடுத்த வேலையைத் தொடங்கினார்கள், வெற்றியில் அதிகம் மகிழ்ந்தார்கள். ஆகவே 'ஏன் இப்படிக் கவலைப்படுகிறாய்' என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டியதில்லை. மோசமானதற்குத் தயாராவதில் தப்பில்லை, அதை டிசம்பரிலேயே ஆரம்பித்து நான்கு மாதமும் சுமக்காமல் கடைசி நாட்களுக்கு வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் என் கருத்து.

சரி, என்ன செய்யலாம்

முதல் வேலை அந்த ரிஃப்ரெஷ்ஷுக்குக் கதவு வைப்பது. விண்ணப்பித்த பல்கலைக்கழகங்களின் மின்னஞ்சல் முகவரிகளுக்கு ஒரு ஃபில்டர் போடுங்கள். அங்கிருந்து வரும் மின்னஞ்சலுக்கு மட்டும் தனி ஒலி, தனி லேபிள், ஒருபோதும் ஸ்பேமுக்குப் போகக் கூடாது என்ற விதி. இப்போது வந்தால் போனே சொல்லும், நீங்கள் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. போர்ட்டலுக்கு ஒரு நாளைக்கு ஒரு முறை, ஒரே நேரம், படுக்கையில் இல்லாத நேரம். 'பார்க்கக் கூடாது' என்ற உறுதிமொழி நிற்காது. 'பார்க்கத் தோன்றினால் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பேன்' என்று, இது நடந்தால் இதைச் செய்வேன் என்ற வடிவில் முடிவெடுத்தால் அது நிற்க வாய்ப்பு அதிகம் என்பது பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரின் ஆய்வுகளில் தெரிந்தது.

கவலைக்கும் ஒரு நேரம் ஒதுக்கலாம். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் போர்கோவெக் என்ற உளவியலாளரின் குழு 1983லேயே சோதித்துப் பார்த்த முறை. தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி நேரம் கவலைப்படுவதற்கென்றே. மற்ற நேரத்தில் கவலை வந்தால் ஒரு தாளில் குறித்துவைத்து 'மாலை ஆறு மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடுவது. அடக்குவதைவிடத் தள்ளிப்போடுவது சுலபம், ஆறு மணிக்கு அந்தத் தாளைப் பார்த்தால் பாதி வரிகள் உயிரிழந்து கிடக்கும்.

பொழுதுபோக்கைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். 'மனதை வேறு பக்கம் திருப்பு' என்று எல்லோரும் சொல்கிறார்கள், தொடர் பார்த்தால் பாதி மனம் போனில்தான் இருக்கிறது. ஸ்வீனியின் குழு பிற்பாடு கண்டது, காத்திருப்பவர்களுக்கு உதவுவது சிக்சென்ட்மிஹாயி என்ற உளவியலாளர் 'ஃப்ளோ' என்று பெயரிட்ட அந்த நிலை: நேரம் போவதே தெரியாமல் ஒன்றில் மூழ்குவது. அதற்கு ஒரு வேலைக்கு மூன்று குணங்கள் வேண்டும். தெளிவான இலக்கு, சரியாகச் செய்கிறோமா என்று உடனே தெரிவது, உங்கள் திறமைக்கு மேல் ஒரு படி கடினம். செஸ், ஒரு இசைக்கருவி, புதிய நிரல் மொழி, தூரம் குறித்துக்கொண்டு ஓடுவது என எதுவும் ஆகலாம்.

எதில் மூழ்கக் கூடாது என்றால், அனுப்பிய எஸ்ஓபியில். நள்ளிரவில் அதைத் திறந்து, மூன்றாம் பத்தியில் ஒரு எழுத்துப்பிழையைக் கண்டுபிடித்து, அதோடு எல்லாம் போச்சு என்று விடியும்வரை உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய. மதிப்பெண்ணையோ பட்டத்தின் பெயரையோ தவறாகக் கொடுத்திருந்தால் அலுவலகத்துக்கு இரண்டு வரி எழுதித் திருத்தச் சொல்லுங்கள். மற்றபடி அந்த ஃபைலைத் திறக்காதீர்கள்.

வீட்டில் 'ஏதாவது வந்துச்சா?' என்று கேட்பார்கள். அன்பில்தான் கேட்கிறார்கள், ஆனால் ஒவ்வொரு முறையும் 'இல்லை' என்று சொல்வது ஒரு சின்ன மறுப்பு போலவே வலிக்கும். அவர்களுக்குத் தேதியைக் கொடுத்துவிடுங்கள்: "ஏப்ரல் 15 வரைக்கும் இழுக்கும்மா, வந்த உடனே முதல்ல உன்கிட்டதான் சொல்வேன், அதுவரைக்கும் கேட்காதே." கால அட்டவணை தெரியாததால்தான் அவர்களுக்கும் பதற்றம்.

பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்கலாமா?

அவர்கள் இணையப் பக்கத்தில் சொன்ன தேதி தாண்டும்வரை வேண்டாம். தாண்டினால், துறையின் சேர்க்கை ஒருங்கிணைப்பாளருக்கு விண்ணப்ப எண்ணோடு மூன்று வரி போதும். ஒரே ஒரு சூழ்நிலையில் முன்னாடியே எழுதுவது நல்லது: இன்னொரு இடத்தில் ஆஃபர் கையில் இருக்கிறது, பதில் சொல்லக் கெடு நெருங்குகிறது, ஆனால் உங்கள் முதல் விருப்பம் இந்தத் துறை. அதைச் சொல்லி நிலவரம் கேட்பது அவர்களுக்கும் பயனுள்ள தகவல். வெயிட்லிஸ்டில் இருந்தால், இடம் கிடைத்தால் நிச்சயம் வருவேன் என்பது உண்மையானால், அதையும் எழுதிச் சொல்லுங்கள்.

வாய்ப்புக் கணக்கு

எட்டு இடங்களுக்கு விண்ணப்பித்து, ஒவ்வொன்றிலும் ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். எட்டும் மறுக்க வாய்ப்பு 0.8ஐ எட்டு முறை பெருக்கினால் வருவது, சுமார் 17 சதவீதம். அதாவது ஒன்றாவது கிடைக்க 83 சதவீதம். முதல் நான்கும் மறுத்த பிறகும் மிச்சமுள்ள நான்கில் ஒன்றாவது கிடைக்க 59 சதவீதம். நான்கு மறுப்பு வந்த நாளில் 59 என்ற எண் யாருக்கும் மனதில் தோன்றாது, பூஜ்யம்தான் தோன்றும். ஆனால் இந்தக் கணக்கு ஒவ்வொரு முடிவும் மற்றதோடு தொடர்பில்லாதது என்று வைத்துப் போட்டது. எல்லா இடத்துக்கும் போனது அதே எஸ்ஓபி, அதே லெட்டர்கள் என்பதால் உண்மை வாய்ப்பு இதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். ஆகவே மாற்றுத் திட்டம் ஒன்றை, மனம் தெளிவாக இருக்கும் ஒரு நாளில், ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். எந்த வேலை, எந்த ஆய்வகத்தில் ஓராண்டு, அடுத்த சுற்றில் எதை மாற்றுவது. மறுப்பு வந்த இரவில் யோசிக்க முடியாது, படிக்க முடியும்.

முடிவு வரும் நாள்

வகுப்பிலோ பேருந்திலோ மீட்டிங்கிலோ திறக்காதீர்கள். 'உங்கள் விண்ணப்பத்தின் நிலை மாறியுள்ளது' என்று மட்டும்தான் பெரும்பாலும் மின்னஞ்சல் சொல்லும், கடிதம் போர்ட்டலுக்குள் இருக்கும், இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் அதே கடிதம்தான். யாரோடு இருந்து திறப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள், தனியாக என்றால் தனியாக.

மறுப்பு என்றால், மேலே சொன்ன நாலாவது கட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பெயர் குறிப்பிட்ட பேராசிரியருக்கு இந்த ஆண்டு மாணவரை எடுக்கப் பணம் இல்லாமல் இருந்திருக்கலாம், அதைக் கடிதத்தில் எழுத மாட்டார்கள். டேனியல் கில்பர்ட் என்ற உளவியலாளரின் குழு செய்த 1998 ஆய்வு ஒன்று பேராசிரியர்களையே எடுத்துக்கொண்டது. நிரந்தரப் பணி கிடைக்காவிட்டால் பல ஆண்டுகள் உடைந்துபோவோம் என்று இளம் பேராசிரியர்கள் கணித்தார்கள், உண்மையில் கிடைக்காமல் போனவர்கள் அந்தக் கணிப்பு சொன்ன அளவுக்கு வாடவில்லை. வலியே இருக்காது என்று அர்த்தமில்லை, நாம் கற்பனை செய்யும் நீளத்துக்கு அது நீள்வதில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் சரியான தூக்கமும் சாப்பாடும் இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அதைக் காத்திருப்பின் கணக்கில் எழுதிவிடாமல் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே யாரிடமாவது சொல்ல வேண்டும்.

ஆஃபர் வந்தால் நிதியுதவி எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு, காப்பீடு உண்டா என்று பார்த்துவிட்டு, ஏப்ரல் 15 வரை உங்களுக்குள்ள நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் மூன்று ஆஃபர்களில் ஒன்றுக்கு நிச்சயம் போகப்போவதில்லை என்று மார்ச் 20லேயே தெரிந்துவிட்டால், அதை அன்றைக்கே மறுத்து எழுதிவிடுங்கள். அந்த இடத்துக்காக வெயிட்லிஸ்டில் யாரோ ஒருவர் இரவு ஒன்றரை மணிக்குப் போர்ட்டலைத் திறந்துகொண்டிருக்கிறார்.